உள்ளங்கைச் சீனி

அக்காவின் கால்விரல் ஒன்றைக் காப்பாற்றத்தான் அந்த முறை நான் கடல் தாண்டித் திருகோணமலைக்குப் போனேன். செருப்பு கடித்து வந்த சின்னப் புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது புண் நன்றாக வேர் விட்டிருந்தது. சாப்பாட்டில் கட்டுப்பாடு வராவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். தஞ்சாவூருக்கு வந்த ஒருவரிடம் அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்: "என்ர சொல்லுக் கேக்கிறா இல்லை. தம்பி வந்து சொன்னாக் கேப்பா." அக்கா யார் சொல்லையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது சும்மா இருக்க முடிகிறதா? லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பெட்டியில் வேட்டி சட்டையைவிட மருந்துச் சாமான்தான் அதிகம். கேழ்வரகு மாவு, பாகற்காய் வற்றல், ஆவாரம்பூப் பொடி, வறுத்த வெந்தயம். தலைமன்னாரில் இறங்கியதும் சுங்க அதிகாரி மாவு மூட்டையை அவிழ்த்தார். முகர்ந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "பாவம், இந்தியாவில் எங்களைவிடக் கஷ்டம் போலிருக்கிறது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்கிறார்."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அங்கே எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன், பாண் என்கிற ரொட்டி வாங்க விடியற்காலையில் வரிசை. வீட்டுக்கு வீடு கொல்லையில் மரவள்ளி நட்டிருந்தார்கள். இப்படி ஓர் ஊரில் ஒருத்திக்குச் சர்க்கரை ஏறுகிறதென்றால் அது எங்கிருந்து ஏறுகிறது என்பதே எனக்குப் புரியவில்லை.

அக்கா வீடு ஓர்ஸ் ஹில்லில். முன் விறாந்தையில் நின்றால் உள்துறைமுகம் தெரியும். அத்தானுக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் படிக்க வந்து, எங்கள் தெருவிலேயே அறை எடுத்துத் தங்கி, சுதந்திரம் வந்த கையோடு அக்காவைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போனவர். பிள்ளைகள் இல்லை. அக்கா வாசலுக்கே நொண்டிக்கொண்டு வந்தாள். கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவளோ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"குரக்கன் மாவையோ கடல் கடந்து காவிக்கொண்டு வந்தனீ? இஞ்ச மூலைக் கடையில கிடக்குதடா!"

கேழ்வரகுதான் அங்கே குரக்கன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை புட்டு. சிவப்பரிசி மாவும் குரக்கனும் கலந்து, தேங்காய்ப்பூ தூவி, பக்கத்தில் மீன் சொதி. நன்றாகவே இருந்தது. அக்கா குசினியில், அதாவது சமையலறையில், இருந்தபடி விளக்கம் சொன்னாள். முதலில் ஒரு பிடி குரக்கன்தான் போட்டாளாம். அத்தானுக்குத் தெரியவில்லை. பிறகு இரண்டு பிடி. இப்போது பாதிக்குப் பாதி. தேங்காயும் அப்படித்தான், முன்பு ஒரு முழுத் தேங்காய், இப்போது ஒரு மூடி. தினமும் ஏதாவது ஒரு கீரை வறை. வீட்டுத் தேநீரில் சீனியே கிடையாது.

"பாதி எதற்கு? முழுக்கக் குரக்கனாகவே போடேன்" என்றேன்.

"முழுக்கப் போட்டா ரெண்டு நாளில விட்டிடுவன். என்னை எனக்குத் தெரியுந்தானே? ஒரேயடியா ஏலாது தம்பி. ஒவ்வொண்டாத்தான்."

எனக்கு அரைகுறை வேலை என்றாலே ஆகாது. விரல் போகப்போகிற நேரத்தில் என்ன பிடிக்கணக்கு என்று எரிச்சல் வந்தது. ஆனால் புட்டு வாயில் இருந்தது.

அடுத்த நாள் அத்தானும் நானும் சல்லிக்கு மீன் வாங்கப் போனோம். நகருக்கு வடக்கே கடலோரக் கிராமம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. "ஆம்பிளையள் எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ" என்றார் கண்டக்டர். ஆம்பிளைகள் இறங்கினோம். கூடையோடு இருந்த ஓர் அம்மாள் மட்டும் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வலப்பக்கத்து ஆக்கள் தள்ளுற மாதிரி நடிக்கினம்" என்று எங்களை மேய்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் நான்தான் நின்றேன்.

சல்லியில் மணலெல்லாம் கருவாடு காய்ந்தது. அம்மன் கோயில் வாசலில் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. சூடை மீன் வாங்கினோம். திரும்ப பஸ்ஸைக் காணோம். வெயிலில் மீன் கெட்டுவிடுமே என்று அத்தான் தவித்தார். முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "எவடம்?" என்று கேட்டார். "ஓர்ஸ் ஹில்" என்று அத்தான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அலமேலு அக்கா வீடோ? தாங்கோ, நான் குடுத்திட்டுப் போறன்." அக்காவின் பெயர் சல்லிவரைக்கும் எட்டியிருந்தது போல! பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போயே விட்டார். எங்கள் ஊரில் என்றால் பெயர், தெரு, அப்பா பெயர் எல்லாம் விசாரிக்காமல் கொடுத்திருக்க மாட்டேன். நாங்கள் வேர்த்து விறுவிறுத்து வீடு வந்து சேர்ந்தபோது மீன் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

நடந்து வரும்போதுதான் அத்தான் மனம் விட்டுப் பேசினார். "எனக்கு விளங்கேல்லை மச்சான். வீட்டில ஒழுங்காத்தான் சாப்பிடுறா. கால் நோவோட பின்னேரத்தில நடக்கவும் போறா, டொக்டர் மெல்ல நடக்கச் சொன்னவர். ஆனாப் பரிசோதிச்சுப் பாத்தா ஒண்டும் குறையேல்லை. எங்கையோ ஓட்டை இருக்கு." அவர் நடையை நிறுத்தினார். "நான் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருப்பன் எண்டு உங்கட அப்பாவுக்குச் சொன்னனான்."

ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அக்காவோடு நானும் நடக்கப் போனேன்.

வாசலைத் தாண்டி ஒரு பாட்டு முடிகிற தூரம்கூட நடந்திருக்க மாட்டோம். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து ரோஸ் டீச்சர் கூப்பிட்டார். மாதா கோயில் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். "இந்தியாத் தம்பியோ? வாங்கோ வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." கதிரையில் உட்கார்ந்தோம். குடித்தோம். அதைத் தாண்டி இன்னொரு வீடு. அங்கேயும் தேநீர். கோட்டைப் பக்கம் திரியும் மான்களில் ஒன்று தெருவில் வழியை மறித்து நின்றது. அந்த மான் ஒன்றுதான் அன்றைக்கு எங்களை உபசரிக்காமல் விட்டது.

கடைசியாக ஹலீமா வீடு. ஹலீமாவுக்கு அக்காவைவிட வயது கொஞ்சம் கூட, ராத்தா என்றுதான் அக்கா கூப்பிடுவாள். பிறந்த ஊர் கிண்ணியா, கணவருக்கு நகரில் கருவாட்டு வியாபாரம். எங்களைக் கண்டதும் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். மடித்து வைத்த சேலைகளுக்குப் பின்னாலிருந்து மூடி இறுக்கிய ஒரு போத்தலை எடுத்தார். கூப்பன் சீனி. அதில் பெரிய கரண்டியால் அள்ளி அக்கா கோப்பையிலும் என் கோப்பையிலும் போட்டுக் கலக்கினார். தனக்குப் போடவில்லை. தன் பங்கை உள்ளங்கையில் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு தேநீர், மறுபடி ஒரு நக்கு என்று குடித்தார். சீனித் தட்டுப்பாட்டில் ஊரே வீட்டுக்குள் இப்படித்தான் குடித்தது. வந்தவர்களுக்கு மட்டும்தான் கோப்பையில் கரைத்த சீனி.

தேநீர் பாயசம் மாதிரி இருந்தது. அக்கா சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். எனக்கு வந்ததே கோபம்! தெருவுக்கு வந்ததும் வெடித்தேன்.

"நடப்பது வியாதிக்காகவா, தேநீருக்காகவா? வீட்டில் குறைத்ததையெல்லாம் வெளியே வட்டியோடு குடிக்கிறாயே!"

அக்கா கொஞ்ச தூரம் நொண்டியபடியே நடந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் இஞ்ச வந்த புதிசில என்னை இந்தியாக்காரி எண்டுதான் சொல்லுவினம். ஒருத்தரையும் தெரியாது. கதைச்சா சிரிப்பினம். முதல்முதல் என்னைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தது ராத்தாதான். பிறகு டீச்சர். அந்தத் தேத்தண்ணியாலதான்ரா நான் இந்த ஊர் ஆளானனான். இப்ப தங்கட வாயைக் கட்டி, இருக்கிற துளிச் சீனியை எனக்குப் போட்டுத் தருகினம். வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்த முகங்களை எப்பிடிப் பாக்கிறது?"

"விரல் போய்விடும் அக்கா."

"தெரியும்" என்றாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அழவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவளுக்குச் சொல்ல முடியாவிட்டால் நான் சொல்கிறேன் என்று மறுநாள் காலை ஹலீமா வீட்டுக்குத் தனியாகப் போனேன். அக்காவின் நோயையும் விரலையும் எடுத்துச் சொன்னேன். இனிமேல் சீனி வேண்டாம், மற்ற வீடுகளிலும் சொல்லிவிடுங்கள் என்றேன். ஹலீமாவுக்குக் கண் நிறைந்தது. "அல்லாவே, கால் புண் எண்டுதான் சொன்னா. இது தெரியாதே தம்பி" என்றார். காரியத்தை முடித்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

அன்று பிற்பகலே ஊர் திரண்டு வந்தது.

நோயாளியை வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் ஊரிலும் இல்லை, அங்கேயும் இல்லை. அதை நான் யோசிக்கவில்லை. வாய்க்கு வாய் போனதில் பெரிய நோய் என்பது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ரோஸ் டீச்சர் எங்கேயோ தேடிப் பிடித்துக் குளுக்கோஸ் பொட்டலம் கொண்டுவந்தார். அன்புவழிபுரத்திலிருந்து அத்தானின் உறவுக்காரர் ஒருவர் வாழைக்குலையோடு வந்தார். யாரோ இனிப்பு பிஸ்கட். யாரோ கித்துள் பனையிலிருந்து காய்ச்சிய பாணி. சர்க்கரை நோயாளியின் மேசையில் அவ்வளவு இனிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. எல்லாரும் அவளிடம் மெல்லிய குரலில் பேசினார்கள். படுங்கோ, எழும்பாதேங்கோ என்றார்கள். கதிரை நுனியில் உட்கார்ந்துவிட்டுச் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

"என்னை நோயாளியாக்கிப் போட்டாய்" என்றாள் அக்கா. "இனி என்ன, நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் விடுறன். சந்தோசந்தானே?"

விட்டாள். புட்டு இல்லை, சோறு இல்லை, நடை இல்லை. நான் கொண்டுபோன மாவில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தாள், பாகற்காய் வற்றலைக் கடித்தாள். நான் ஆசைப்பட்ட முழுக் கட்டுப்பாடு இதுதான். அடுத்த நாள் காலையே குசினியில் தலைசுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஓடி வந்து தாங்கிக்கொண்டார். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹலீமா அன்று சாயங்காலம்தான் வந்தார். முதல் நாள் கூட்டத்தில் அவர் இல்லை. சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அந்தச் சீனிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ட வீட்டில இரிக்க வேணாம் புள்ள. என்ட கையாலதானே போட்டுத் தந்தன். உனக்கு நஞ்சு தந்திரிக்கன்." சொல்லிவிட்டு அழுதார்.

அக்கா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "ராத்தா, நீங்க உங்கட வீட்டில எப்பிடிக் குடிக்கிறனீங்க?"

"நாங்க கையில வெச்சி நக்கித்தான். அது உனக்குத் தெரியுந்தானே."

"எனக்கும் அப்பிடித் தாங்கோ."

ஹலீமா திகைத்தார். "வீட்டுக்கு வாற ஆளுக்குக் கையிலயா குடுக்கிற? வெக்கம் புள்ள."

"இருபத்தைஞ்சு வருசமா வாறன். நான் இன்னும் உங்களுக்கு விருந்தாளியோ ராத்தா?"

ஹலீமா அக்காவையே பார்த்தார். குசினிக்குள் அவரே போனார், அக்கா வீட்டு அடுப்பில் அவரே தண்ணீர் வைத்தார். வெறும் தேநீரோடு வந்து, போத்தலைத் திறந்து, நீட்டிய உள்ளங்கையில் விரல் நுனியால் ஒரு சிட்டிகை வைத்தார். "போதுமா?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டு மணிச் சீனி" என்றாள் அக்கா. ஹலீமா செல்லமாக அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அக்கா அந்தச் சிட்டிகையைக் கோப்பை முடியும்வரை வைத்து வைத்துக் குடித்தாள். பிறகு ஹலீமாவின் கையாலேயே அரைத்தட்டுப் புட்டும் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் சாயங்கால நடை பழையபடி தொடங்கியது. எந்த வீட்டையும் அக்கா தாண்டிப் போகவில்லை. உட்கார்ந்தாள், கதைத்தாள், கையை நீட்டினாள். ரோஸ் டீச்சருக்கு முதலில் மனம் வரவில்லை. "கதிரையில இருத்தி வைச்சுக் கையிலயோ தாறது?" என்று கோப்பையிலேயே போடப் போனார். "ராத்தா வீட்டில நான் வீட்டாள். இஞ்ச இல்லையோ?" என்றாள் அக்கா. அதன் பிறகு டீச்சரின் கரண்டி டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஒரு கோப்பைக்கு அரைக்கோப்பை என்று தேநீரையும் குறைத்தார்கள். சிட்டிகை சில வீடுகளில் பெரிதாக இருக்கும், சில வீடுகளில் நாலு மணிதான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஹலீமாவின் தங்கை எருமைத் தயிர் கொண்டுவந்த அன்று, அக்கா தயிரில் பாணி ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பை முழுவதும் சாப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் தொடையில் கிள்ளினார். மூடிக்கொண்டேன். "இண்டைக்கு இப்பிடி. நாளைக்குப் புட்டில இன்னொரு பிடி குரக்கன்" என்றாள் அக்கா யாரும் கேட்காமலே. மறுநாள் போடவும் செய்தாள். அத்தான் அதைச் சாப்பிட்டுவிட்டு இருமினார். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

நான் ஊர் திரும்ப வேண்டிய வாரத்தில் டாக்டர் கட்டைப் பிரித்தார். நானும் அத்தானும் கதவோரம் நின்றோம். அத்தானின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, எனக்கு வலித்தது. டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். புண்ணின் ஓரம் காய்ந்து, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது.

"புண் இன்னும் முழுக்க மாறேல்லை. கவனமா இருக்கவேணும்" என்றார். "ஆனா இந்த விரல் இப்போதைக்கு உங்களோடயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் அத்தான் மருத்துவமனை மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம் ஹலீமா வீட்டுக்கு விடைபெறப் போனோம். இத்தனை நாளும் எனக்கு மட்டும் அந்தப் பாயசத் தேநீர்தான். நான் வந்தவன், எனக்குக் கோப்பையில்தான். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. அக்காவின் கையில் சிட்டிகையும் என் கோப்பையில் பெரிய கரண்டியுமாக அந்த வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அன்று நாங்கள் போய் உட்கார்ந்தபோது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

ஹலீமா மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். போத்தலைத் திறந்தார். அக்காவின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை. தன் கையில் ஒரு சிட்டிகை. பிறகு என் பக்கம் திரும்பினார். கரண்டியை எடுப்பார் என்று கோப்பையை நகர்த்தி வைத்தேன். அவர் கோப்பையைப் பார்க்கவே இல்லை.

"கைய நீட்டுங்க தம்பி" என்றார்.

நீட்டினேன்.